மொட்டை மாடி சோலார்: உங்க வீட்டுக்கு எத்தனை கிலோவாட்?

அத்திப்பட்டு பக்கம் போனவர்களுக்கு அந்தப் புகைபோக்கிகள் தெரியும். வடசென்னை அனல்மின் நிலையம், 1,500 மெகாவாட் வல்லூர் நிலையம் ரெண்டுமே நம்ம திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இருக்கின்றன. கரண்ட் ஊரெல்லாம் போகிறது, சாம்பல் இங்கேயே தங்கிவிடுகிறது. 2025 ஜூனில் நாட்டின் மின் நிறுவுதிறனில் பாதி, நிலக்கரி, எரிவாயு, டீசல் இல்லாதவை என்றானது. ஆனால் நிறுவுதிறன் வேறு, கம்பியில் ஓடும் கரண்ட் வேறு. பொழுது சாய்ந்தால் இன்னும் நிலக்கரியைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறோம். பகல் நேரத் தேவையையாவது உங்க மாடியிலேயே பார்த்துக்கொள்ள முடியுமா?

2024 பிப்ரவரியில் வந்த பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். "78,000 கிடைக்குதே, மூணே போட்டுடலாம்" என்று அவசரப்படாதீர்கள். முதலில் பழைய பில்லை எடுங்கள்.

1 கிலோவாட் சோலார் ஒரு நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும். நம்ம பில் ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை என்பதால், 60 நாளுக்கு 240 யூனிட். உங்க வீட்டில் 600 யூனிட் ஓடுகிறது என்றால் 2 கிலோவாட்டில் 480 கழிந்து மீதி 120தான். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணம் எப்படி எகிறும் என்பது ஏசி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். உண்மையான மிச்சம் அங்கேதான். மாறாக 150 யூனிட் ஓடும் வீட்டில் முதல் 100 ஏற்கெனவே இலவசம். அவர்களுக்குப் போட்ட காசு திரும்ப வெகுநாள் ஆகும். இதை விற்பவர் சொல்ல மாட்டார்.

இன்னொன்று, பலருக்கு மாட்டிய பிறகுதான் தெரிகிறது: பேட்டரி இல்லாத சோலார், பவர் கட் ஆனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் ஊழியருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காகவே இன்வெர்ட்டர் அப்படி அமைக்கப்பட்டிருக்கிறது.

கும்மிடிப்பூண்டி சிப்காட் சுற்றி இருப்பவர்கள் பேனலில் தூசி படிய விடாதீர்கள். படிந்தால் உற்பத்தி குறையும். காலையில் வெயில் ஏறுமுன் தண்ணீர் ஊற்றித் துடைத்தால் போதும். பழவேற்காடு பக்கம் உப்புக்காற்று, அதனால் துத்தநாகம் பூசிய ஸ்டாண்டுதான் கேட்டு வாங்க வேண்டும். 2016 வர்தா காற்றை மறந்திருக்க மாட்டீர்கள், போல்ட்டை நின்று பார்த்து முடுக்கச் சொல்லுங்கள்.

விண்ணப்பம் சூர்ய கர் இணையதளத்தில், போனிலேயே. இபி இணைப்பு எண், பில், வங்கிக் கணக்கு விவரம் கையில் இருக்கட்டும். இணைப்பு யார் பெயரிலோ அவர்தான் விண்ணப்பிக்கணும். அப்பா பெயரிலேயே கிடக்கும் இணைப்பை முதலில் மாற்றிக்கொள்ளுங்கள். தளத்தின் பட்டியலில் உள்ள நிறுவனத்தை மட்டும் தேர்ந்தெடுங்கள், பேனல் இந்தியாவில் தயாரானதாக இருந்தால்தான் மானியம் உண்டு. நெட் மீட்டர் பொருத்தி ஆய்வு முடிந்த பிறகே பணம் உங்க கணக்குக்கு வரும். "மானியம் வந்துடுச்சு, ஓடிபி சொல்லுங்க" என்று போன் வந்தால் கட் பண்ணிவிடுங்கள்.

மீட்டர் சந்தேகங்களுக்கு மின்னகம்: 94987 94987, 24 மணி நேரமும்.