டிராக்டரின் டீசல் குழாய்களைக் கழற்றிப் பூட்டும் முறை

மண்ணில் ஈரம் பதமாக இருக்கும் நாளில் டிராக்டர் நின்றுவிட்டால் விதைப்புப் பருவமே தவறிவிடும். கசியும் டீசல் குழாயைக் கழற்றி மாற்றுவது எளிய வேலைதான். ஆனால் கழற்றும்போது உள்ளே நுழையும் தூசியும் காற்றும், கசிந்த குழாயைவிடப் பெரிய செலவை உண்டாக்கும்.

இங்கு கூறப்படும் முறை, சாதாரண டீசல் பம்பு உள்ள எஞ்சின்களுக்கு உரியது. காமன் ரெயில் எஞ்சின்களின் உயர் அழுத்தக் குழாய்களைப் பயிற்சி பெற்ற மெக்கானிக்கிடமே விட்டுவிட வேண்டும்.

தூய்மை ஏன்?

டீசல் பம்பின் உட்பாகங்களுக்கு இடையே உள்ள இடைவெளி, ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்கு மட்டுமே. கண்ணுக்குத் தெரியாத மண் துகளும் அங்கே கீறலை ஏற்படுத்தும். பிறகு பம்பையே மாற்ற நேரிடும்.

கழற்றுதல்

எஞ்சினை நிறுத்தி நன்றாக ஆற விடவும். பாட்டரி இணைப்பை நீக்கி, டாங்கியின் அடிக் குழாயை மூடவும். அருகில் பீடி, சிகரெட், விளக்கு எதுவும் கூடாது. இணைப்புகளைச் சுற்றியுள்ள மண்ணையும் எண்ணெய்ப் பிசுக்கையும் பிரஷ்ஷும் டீசலும் கொண்டு முதலில் துடைக்க வேண்டும்.

பம்பிலிருந்து இன்ஜெக்டருக்குச் செல்லும் குழாய்களுக்கு வரிசைப்படி அடையாளமிடவும். இரண்டு ஸ்பேனர்கள் தேவை. ஒன்றால் பம்பின் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, மற்றொன்றால் நட்டைத் தளர்த்தவும். குழாயை வளைக்கக் கூடாது. திறந்த முனைகளை உடனே சுத்தமான பிளாஸ்டிக் மூடிகளால் மூடவும். பஞ்சு, சாக்குத் துணி ஆகியவற்றின் நூல் உள்ளே போய்விடும்.

பூட்டுதலும் காற்று எடுத்தலும்

பழைய செம்பு வாஷர்களுக்குப் பதில் புதியவற்றைப் போடுவது நல்லது. நட்டை முதலில் கையால் திருகி, பிறகே ஸ்பேனரால் இறுக்கவும். டாங்கிக் குழாயைத் திறந்து, பில்டரின் மேலுள்ள காற்றுத் திருகைத் தளர்த்திக் கைப் பம்பை அடிக்கவும். குமிழி நின்று டீசல் மட்டும் வந்ததும் திருகை இறுக்கவும். அடுத்து டீசல் பம்பின் திருகிலும் இவ்வாறே செய்யவும். கடைசியாக, பாட்டரியை இணைத்து, இன்ஜெக்டர் பக்க நட்டுகளை ஒரு சுற்றுத் தளர்த்தி, ஸ்டார்ட்டரைச் சிறிது சுழற்றி, டீசல் வந்ததும் இறுக்கவும். அப்போது முகத்தையும் கையையும் விலக்கி வைக்கவும்.

கையால் தடவாதீர்கள்

எஞ்சின் ஓடும்போது கசிவைக் கையால் தடவிப் பார்ப்பது பேராபத்து. அங்கே டீசல், தோலைத் துளைத்து உள்ளே செல்லும் அழுத்தத்தில் பீறிடும். காயம் ஊசி குத்தியதுபோல் சிறிதாகத் தெரியும். வலியும் முதலில் அதிகம் இராது. தாமதித்தால் விரலையோ கையையோ இழக்க நேரிடும். உடனே மருத்துவமனைக்குச் சென்று, டீசல் உள்ளே பாய்ந்ததைத் தெளிவாகச் சொல்லுங்கள். கசிவைத் தேட ஓர் அட்டைத் துண்டைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தால் போதும்.

பெட்ரோல் வண்டியானால்

பெட்ரோல் ஆவி எளிதில் தீப்பற்றும். டாங்கியிலிருந்து கரித்தூள் பெட்டிக்குச் செல்லும் ஆவிக் குழாயைக் கழற்றினால், அடையாளமிட்டு அதே இடத்தில் பூட்ட வேண்டும். அதை அடைத்துவிடவோ, கழற்றி எறியவோ கூடாது.

சிந்திய டீசலைக் கிணறு, வாய்க்கால் பக்கம் விடாமல் தட்டில் பிடித்துவிடுங்கள். சுத்தம் செய்யச் செலவிடும் அரைமணி நேரம், பம்பையும் பருவத்தையும் காக்கும்.