மூச்சு வாங்கும் மடிக்கணினி

2025 ஜூன் மாதம், பெற்றோர் ஆசிரியர் கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, ஒரு தாயார் மட்டும் நமது கணினி அறை வாசலில் தயங்கி நின்றார். கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் ஒரு மடிக்கணினி. அவருடைய மூத்த மகள் 2014-ஆம் ஆண்டில் இங்கே பிளஸ் டூ படித்தபோது அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பெற்றது அது. மூத்தவள் படித்து முடித்து வேலைக்கும் போய்விட்டாள். இப்போது கடைக்குட்டி பிளஸ் ஒன்னில் கணினி அறிவியல் பிரிவில் சேர்ந்திருக்கிறாள்.

"டீச்சர், இதைப் போட்டுவிட்டு உலை வைத்தால், அரிசி களைந்து போடுகிற நேரத்துக்குத்தான் கண் திறக்கிறது. கம்மலை அடகு வைத்தாவது புதுசு ஒன்று வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன்" என்றார்.

"கம்மல் காதிலேயே இருக்கட்டும் அம்மா. இரண்டு நாள் இதை என்னிடம் விட்டுப் போங்கள்" என்றேன்.

அந்த இரண்டு நாட்களில் கண்டதையும் செய்ததையும் இங்கே எழுதுகிறேன். ஏனெனில், நம் மாணவிகள் பலருடைய வீட்டில் இதே போன்ற ஒரு மடிக்கணினி பீரோவின் மேல் தூசி படிந்து கிடக்கிறது என்பதை நான் அறிவேன்.

முதலில் கணினி எவ்வாறு வேலை செய்கிறது என்பதைக் காண்போம். நமது விடுதிச் சமையலறையை எண்ணிக்கொள்ளுங்கள். சமைக்கிற அம்மாதான் பிராசசர். அவர் கைக்கு எட்டும் மேடை ராம். கொல்லைப்புறத்துச் சரக்கு அறை ஹார்ட் டிஸ்க். மேடை சிறியதாயின், அரிசியை வைத்தால் பருப்புக்கு இடமில்லை. அரிசியைக் கொண்டுபோய் வைத்துவிட்டுப் பருப்பை எடுத்துவர வேண்டும். சரக்கு அறையும் தொலைவில் இருந்துவிட்டால் சமையல் அம்மா எவ்வளவு சுறுசுறுப்பானவராக இருந்துதான் என்ன பயன்? பொழுது முழுவதும் நடையிலேயே கழிந்துவிடும். பழைய மடிக்கணினிகளில் பெரும்பாலும் நிகழ்வது இதுவே.

ஹார்ட் டிஸ்க் என்பது உண்மையிலேயே சுழலுகின்ற ஒரு தட்டு. காந்தப் பூச்சுக் கொண்ட அத்தட்டு, பெரும்பாலான மடிக்கணினிகளில் நிமிடத்துக்கு 5400 முறை, அதாவது வினாடிக்கு 90 முறை சுழலுகிறது. சிறிய கை போன்ற ஓர் உறுப்பு அதன் மேல் இங்குமங்கும் நகர்ந்து, வேண்டிய செய்தி தன் கீழே சுழன்று வரும் வரை காத்திருந்து, பிறகே படிக்கிறது. இவ்வாறு ஒருமுறை தேடி எடுக்க ஏறக்குறைய ஒரு வினாடியின் ஆயிரத்தில் 15 பங்கு ஆகிறது. இது என்ன பெரிய நேரம் என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் வினாடிக்கு 200 கோடித் துடிப்புகள் கொண்ட ஒரு பிராசசருக்கு அந்த நேரத்துக்குள் 3 கோடித் துடிப்புகள் கடந்துவிடுகின்றன! கணினி கண் திறக்கும்போதோ, ஆயிரக்கணக்கான சிறு சிறு கோப்புகளை இப்படித் தேடித் தேடி எடுத்தாக வேண்டும்.

இதற்காக ஹார்ட் டிஸ்க்கை இகழ வேண்டியதில்லை. 1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் டிஸ்க் கருவியில் 24 அங்குல அகலமுள்ள 50 தட்டுகள் இருந்தன. ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள அது கொண்டது 50 லட்சம் எழுத்துகளை மட்டுமே. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்கே அந்த இடம் சரியாகப் போய்விடும். அங்கிருந்து உள்ளங்கை அளவுக்கு வந்தது சாதாரண சாதனையா?

அதன் இடத்தைப் பிடித்திருப்பது எஸ்.எஸ்.டி. என்னும் சாதனம். இதில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் கையும் இல்லை, எல்லாம் சில்லுகளே. இதற்கு அடிப்படையான பிளாஷ் நினைவகத்தைக் கண்டுபிடித்தவர் ஜப்பான் நாட்டின் டோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய பூஜியோ மசுவோகா என்னும் பொறியாளர். 1984-இல் ஒரு வகையையும், இன்று எஸ்.எஸ்.டி.களில் உள்ள நாண்ட் வகையை 1987-இலும் அவர் உலகுக்கு அறிவித்தார். பதிந்ததைக் கேமராவின் பிளாஷ் வெளிச்சம் போல் நொடியில் அழிக்க முடிந்ததால் அப்பெயர் வந்தது. ஹார்ட் டிஸ்க் ஆயிரத்தில் 15 பங்கு நேரம் எடுக்கும் வேலையை எஸ்.எஸ்.டி. ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் மிகக் குறைவான நேரத்தில் முடித்துவிடுகிறது. சரக்கு அறையைச் சமையல் மேடைக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்ததைப் போல!

சரி, நம் வீட்டுக் கணினிக்கு நோய் எதுவென்று அறிவது எப்படி? விண்டோஸ் 8-உம் அதற்குப் பிந்தியவையும் உள்ள கணினிகளில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் சி.பி.யூ., மெமரி, டிஸ்க் என்னும் மூன்று தலைப்புகளின் கீழ் சதவீதங்கள் தெரியும். வழக்கமாகச் செய்யும் வேலைகளைச் செய்துகொண்டே சிறிது நேரம் அதைக் கவனியுங்கள். அந்தத் தாயாரின் மடிக்கணினியில் டிஸ்க் 100-ஐ விட்டு இறங்கவில்லை, மெமரி 90-ஐத் தாண்டி நின்றது, சி.பி.யூ.வோ 15-ஐச் சுற்றியே இருந்தது. பிராசசர் காத்துக் கிடக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா? ராம் 2 ஜி.பி. மட்டுமே இருந்தது. ராம் நிரம்பியதும் கணினி ஹார்ட் டிஸ்க்கின் ஒரு பகுதியையே ராமாக உபயோகிக்கத் தொடங்கும். ஆகவே ராம் போதாவிட்டால் டிஸ்க்கின் சுமையும் கூடுகிறது.

முதலில் மாற்ற வேண்டியது டிஸ்க், அடுத்தது ராம். இது என் உறுதியான அபிப்பிராயம். சில கடைகளில் ராமை மட்டும் கூட்டிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். டிஸ்க் பழையதாகவே இருந்தால், கணினி கண் திறக்கும் நேரம் பெரிதாகக் குறையாது.

அந்தக் கணினிக்கு இரண்டரை அங்குல சாட்டா வகை எஸ்.எஸ்.டி. ஒன்றை வாங்கினோம். பழைய டிஸ்க் இருந்த இடத்திலேயே அது பொருந்திக்கொண்டது. பிந்தைய மடிக்கணினிகளில் எம்.2 என்னும் மெல்லிய பட்டை வடிவம் வரும். அதிலும் சாட்டா, என்.வி.எம்.இ. என இரண்டு உண்டு. ஒன்றுக்கு மற்றொன்று உதவாது. கணினியின் மாடல் எண்ணைக் கடைக்காரரிடம் காட்டிக் கேட்டே வாங்க வேண்டும்.

ராம் வாங்குவதில் இதைவிடக் கவனம் தேவை. டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 என்று தலைமுறைகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் வெட்டுக்குறி வெவ்வேறு இடத்தில் இருப்பதால் மாற்றிப் பொருத்த முடியாது. டி.டி.ஆர்.3-லேயே 1.5 வோல்ட்டில் இயங்குவது ஒன்று, 1.35 வோல்ட்டில் இயங்கும் எல் வகை மற்றொன்று. பழைய ராமைக் கழற்றி அதன் மேலுள்ள சீட்டைப் படித்துவிட்டுப் போவதே நல்லது. இதை அனுபவத்தில் சொல்லுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் சீட்டைப் படிக்காமல் நான் வாங்கிய ஒரு ராம், கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள மறுத்ததால், இன்றும் என் பேனாப் பெட்டியில் கிடக்கிறது! கணினியில் 32 பிட் இயங்குதளம் இருந்தால் வேறொரு தடையும் உண்டு. இரண்டை 32 முறை பெருக்கினால் வருவது 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம்; அதாவது 4 ஜி.பி. சாதாரண 32 பிட் விண்டோஸ் அதற்கு மேல் உள்ள ராமைத் தொடாது. 8 ஜி.பி. போட்டாலும் பாதி வீண்தான்.

2025-ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் ராம் விலை வெகுவாக ஏறியது. ஆகவே பழுதாகிப்போன மடிக்கணினியிலிருந்து கழற்றிய ராம் கிடைத்தால் சோதித்துவிட்டுத் தாராளமாக வாங்கலாம். பழைய எஸ்.எஸ்.டி.யை மட்டும் வாங்காதீர்கள். எழுத எழுதத் தேய்வது அதன் இயல்பு. தலைமையாசிரியை சிஸ்டர் அவர்களின் அனுமதியுடன், நமது கணினி அறையில் உயிர்விட்ட ஒரு மடிக்கணினியின் 4 ஜி.பி. ராமை இந்தக் கணினியின் காலி இடத்தில் பொருத்தினோம்.

பிளஸ் டூ மாணவிகள் நால்வர் உடனிருந்தனர். மின்கம்பியை எடுத்து, பேட்டரியைக் கழற்றி, தண்ணீர்க் குழாயைத் தொட்டுக் கையிலுள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிய பிறகே உள்ளே கை வைத்தோம். நைலான் சேலையுடன் இவ்வேலைக்கு உட்காராதீர்கள். கழற்றிய திருகாணிகள் ஒரே அளவினவல்ல; ஆகவே ஒரு தாளில் கணினியின் படத்தை வரைந்து, அந்தந்த இடத்திலேயே திருகாணிகளை ஒட்டி வைத்தாள் ஒரு மாணவி. எனக்குத் தோன்றாத யோசனை அது. பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் நீங்களாகத் தொடாமல் சர்வீஸ் கடைக்குக் கொண்டு செல்லுங்கள், குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். விசிறியில் கம்பளி போல் அடைந்திருந்த தூசியையும் துடைத்தெடுத்தோம். சூடு மிகுந்தால் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

எல்லா மடிக்கணினிகளுக்கும் இவ்வைத்தியம் பலிக்காது. மிக மெல்லிய சிலவற்றில் ராமைப் பலகையோடு சேர்த்து ஈயத்தால் பற்றவைத்துவிடுகிறார்கள். பிராசசரும் பெரும்பாலும் அப்படியே. வாங்கும்போதே இதைக் கேட்டு வாங்கினால் பின்னாளில் வருந்த நேராது.

இனி இயங்குதளம். விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிவுக்கு வந்தது. விண்டோஸ் 11-ஓ, 8-ஆம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் பிராசசர்களை ஏற்பதில்லை. பாகங்களை எவ்வளவு மாற்றினாலும் 2014-ஆம் ஆண்டுக் கணினிக்கு அந்த வாசல் மூடியதே. இதை முன்கூட்டியே எண்ணி, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தை நிறுவினோம். சென்னையிலுள்ள சி-டாக் மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் நிறுவலாம். பைத்தானும் சி++-உம் எழுதிப் பழக இவை தாராளமாய்ப் போதும்.

மூன்றாம் நாள் அந்தத் தாயார் வந்தார். நான் பொத்தானை அழுத்தினேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தோம். 25 வினாடிகளில் திரை தயாராகிவிட்டது. "வேறு பெட்டியை மாற்றிக் கொடுத்துவிட்டீர்களோ!" என்று மூடியைத் திருப்பி, தன் மூத்த மகள் ஒட்டியிருந்த வேளாங்கண்ணி மாதா ஸ்டிக்கரைப் பார்த்த பிறகே நம்பினார். செலவு, புதிய மடிக்கணினி ஒன்றின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

பழைய ஹார்ட் டிஸ்க்கை அவரிடமே கொடுத்தேன். யு.எஸ்.பி. இணைப்புள்ள ஓர் உறையில் போட்டுவிட்டால் அதை வெளியிலிருந்தே திறந்து பார்க்கலாம். அப்படித் திறந்தபோதுதான் கடைக்குட்டியின் புதுநன்மைப் படங்கள் அத்தனையும் அதில் இருப்பது தெரியவந்தது. அவற்றுக்கு வேறு நகல் இல்லையாம். அன்றைக்கே இரண்டு பென் டிரைவில் எடுத்து வைக்கச் சொன்னேன்.