கணினியும் எழுத்தழகும்: மாசிமோ வின்யெல்லியின் கொள்கை

அச்செழுத்துக்கள் ஈயத்தில் வார்க்கப்பட்ட காலத்தில், ஓர் அச்சகத்தின் அழகுணர்ச்சிக்கு அதன் எழுத்துப் பெட்டிகளே எல்லையாயிருந்தன. புதிய எழுத்துவகை வேண்டுமாயின் பெரும் பணமும் காலமும் செலவாகும். 1984இல் மக்கின்ரொஷ் கணினி வெளிவந்தபின் அவ்வெல்லை தகர்ந்தது. மேசை முன் அமர்ந்த ஒருவர் தாமே எழுத்துருக்களை ஆக்கவும் பக்கங்களை அமைக்கவும் வல்லவரானார். இஃது ஆக்கமா, கேடா? இவ்வினாவிற்குத் தயங்காது விடை கூறியவர் மாசிமோ வின்யெல்லி என்னும் வடிவமைப்பாளர்.

1931இல் மிலான் நகரிற் பிறந்த இவர், 1960களின் நடுவில் அமெரிக்கா சென்று, மனைவியார் லெல்லாவுடன் நியூயோர்க்கில் தொழில் புரிந்து, 2014இற் காலமானார். அமெரிக்கன் எயர்லைன்ஸ் நிறுவனத்திற்கு 1967இல் இவர் அமைத்த சின்னம் 2013 வரை வழங்கிற்று. கரமொண்ட், பொடோனி, ஹெல்வெற்றிக்கா முதலாய சில எழுத்துருக்களே எவர்க்கும் போதும் என்பது இவர் துணிபு. கணினியால் விளைந்த எழுத்துருப் பெருக்கத்தைப் பண்பாட்டு மாசு என்றே கருதினார். கருவியை அன்று, அதனைக் கையாள்வோரின் கட்டுப்பாடின்மையையே இவர் பழித்தார் என்க.

சந்தைப்படுத்தல் பற்றிய இவர் கருத்தும் இதனோடு இயைந்ததே. தேவை வேறு, விருப்பம் வேறு. விருப்பத்தை வினவி அதற்கேற்பப் பொருள் செய்பவன் வணிகன், தேவையை ஆராய்ந்து செய்பவனே வடிவமைப்பாளன் என்றார். கேட்டற்கு இனிய கொள்கைதான். ஆயின் தேவை இன்னதென்று துணிபவர் யார்? 1972இல் வெளிவந்த நியூயோர்க் சுரங்க ரயில் வரைபடத்தில் இச்சிக்கல் வெளிப்பட்டது. வழிகள் யாவும் நேர்கோடுகளாயும் ஒவ்வொன்றும் தனி நிறத்ததாயும் அமைந்த அப்படம் பார்வைக்கு மிக அழகியது. எனினும் நீண்டு கிடக்கும் சென்ரல் பார்க் அதிற் சதுரமாயிற்று. பூங்கா சாம்பல் நிறமும் பெற்றது. நிலத்தடியிற் செல்வோர்க்கு மேலுள்ள நிலத்தின் வடிவம் வேண்டுவதில்லை என்பது வின்யெல்லியின் வாதம். படியேறி வெளிவந்தபின் நடக்க வேண்டிய பயணிகளோ முறையிட்டனர். 1979இல் அப்படம் கைவிடப்பட்டது. பிழை அழகில் இல்லை. பயணியின் தேவையைப் பயணியிடம் கேளாமையில் உள்ளது.

எமிகிறே என்னும் சஞ்சிகையார்மீது 1991இல் இவர் தொடுத்த கண்டனமும் அத்தகையதே. கலிபோர்ணியாவில் அதனை நடத்திய ரூடி வன்டர்லான்ஸ், ஸுஸானா லிச்கோ தம்பதியரின் எழுத்துருக்களைக் குப்பையென்று இகழ்ந்தார். லிச்கோவின் தொடக்ககால எழுத்துக்கள் படிபடியாய் உடைந்த விளிம்புடையன என்பது மெய்யே. அக்காலக் கணினித் திரை பருமையான புள்ளிகளாலேயே உருவங்களைக் காட்டவல்லதாயிருந்தது. அக்குறையை மறையாது அதனையே வடிவமாக்கினார் அவ்வம்மையார். பதினெட்டாம் நூற்றாண்டிற் பார்மா நகரில் பொடோனி மயிரிழை போன்ற மெல்லிய கோடுகளை வெட்டியதும் தம் காலக் கருவியின் ஆற்றலை அறிந்தேயன்றோ? லிச்கோவின் ஓக்லண்ட் எழுத்துரு 2011இல் நியூயோர்க் நவீனகலை அரும்பொருளகத்திற் சேர்க்கப்பெற்றது.

அதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்னரே விந்தையொன்று நிகழ்ந்திருந்தது. 1996இல் லிச்கோ, பொடோனியின் எழுத்தைத் தம் போக்கில் மீட்டமைத்து, பிலொசோபியா எனப் பெயரிட்டு வெளியிட்டார். அதனை அறிவிக்கும் சுவரொட்டியை அமைத்துத் தருமாறு எமிகிறேயார் வேண்டியது வின்யெல்லியையே. அவரும் இசைந்து அமைத்துக் கொடுத்தார்.