காலைக் கொடுத்தவனிடம் காகிதம் கேட்கிறார்கள்!

செஞ்சிக் கோட்டைக்கு உலகப் புகழ் கிடைத்துவிட்டது, தோழர்களே! 2025 ஜூலையில் யுனெஸ்கோ மன்றம் மராட்டியர் காலத்துப் படைக்கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராட்டிரத்தில், மீதமுள்ள ஒன்று நம் செஞ்சி! கல்லுக்குப் பட்டயம் கிடைத்தது, களிப்படைகிறோம். ஆனால், கோட்டையைக் காத்து நின்றவனுக்கு?

தேசிங்கு ராஜன் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். 1714 ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாபின் படையோடு மோதி மாண்டான் அவன். தோழன் மகமத்கானும் உடன் மாண்டான் என்கிறது கதை. மாண்டவர் பெயர் பாட்டிலே நிற்கிறது. அதே களத்திலே கையிழந்து, காலிழந்து, உயிரை மட்டும் சுமந்துகொண்டு ஊர் திரும்பியவன் பெயர் எந்தப் பாட்டிலே இருக்கிறது? இறந்தவனுக்குப் பாட்டு, இருப்பவனுக்குப் பாடு! அன்று தொட்டு இன்று வரை அதுதான் நிலை.

நம் முன்னோர் மறந்தவர்கள் அல்லர். செங்கம் வட்டாரத்திலே வரிசை வரிசையாக நடுகற்கள் நிற்கின்றன. ஆநிரை மீட்கப் போய் விழுந்த வீரனுக்கு எடுத்த கற்கள் அவை. கல் நட்டதோடு கடமை முடிந்தது என்று கை கழுவிவிடவில்லை. விழுந்தவன் குடும்பத்துக்கு நிலம் கொடுத்தார்கள். அந்த நிலத்துக்கு நெய்த்தோர்பட்டி என்றும் உதிரப்பட்டி என்றும் பெயர். நெய்த்தோர் என்றால் குருதி. குருதிக்கு விலை நிலம்! வீரனின் வீட்டுக்குக் கொடுப்பது பிச்சையல்ல, கடன் என்று கல்லிலே வெட்டிய நாடு இது.

இன்றைய அரசும் கொடுக்கிறது, மறுக்கவில்லை. ஊனமுற்ற படைவீரருக்கு ஓய்வூதியம் உண்டு என்று சட்டம் சொல்கிறது. படைப்பணியால் விளைந்த ஊனம், அல்லது படைப்பணியால் மிகுந்த ஊனம். அதன் அளவு 20 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால் உரிமை உண்டு. அந்த ஓய்வூதியத்துக்கு இரண்டு பங்கு. ஒன்று, செய்த பணிக்கு. மற்றொன்று, பட்ட ஊனத்துக்கு. சாதாரணமாகச் சிப்பாய்க்கு ஓய்வூதியம் வேண்டுமானால் 15 ஆண்டு பணி வேண்டும். ஊனத்தால் வெளியேற்றப்பட்டவனுக்கு அந்த 15 ஆண்டுக் கணக்கு இல்லை. படிக்கும்போது இனிக்கிறது. பெறப் போகும்போதுதான் கசக்கிறது!

எப்படிக் கசக்கிறது என்று கேட்கிறீர்களா? அவலூர்பேட்டைச் சந்தைப் பக்கம் ஒரு தேநீர்க் கடை. அங்கே ஓய்வு பெற்ற ஹவில்தார் ஒருவர் மாலை நேரத்தில் உட்கார்ந்திருப்பார். மேசைமேல் தேநீர் இருக்கிறதோ இல்லையோ, காகிதக் கட்டு இருக்கும். அவருடைய காகிதமல்ல, அண்டை ஊர் முன்னாள் சிப்பாய்களுடையது. காசு வாங்காத வக்கீல் என்று கடைக்காரர் அவரைக் கேலி செய்வார்.

ஒரு நாள் அவர் எதிரே இன்னொருவர். பீரங்கிப் படையில் 17 ஆண்டு. பீரங்கி முழங்க முழங்கக் காது மந்தமாகிவிட்டது. வெளியே வரும்போது மருத்துவக் குழு சோதித்து 20 விழுக்காடு ஊனம் என்று எழுதியது. எழுதிய கையே அடுத்த வரியில் எழுதியது: படைப்பணியால் விளைந்ததும் அன்று, மிகுந்ததும் அன்று!

"அவ்ளோதாண்ணே. சர்க்கார் எழுதிட்டாங்க. நாம இன்னா பண்றது?" என்றார் வந்தவர்.

ஹவில்தார் குரலை உயர்த்தினார். கோபத்தால் அல்ல, எதிரே இருந்த காதுக்காக. "படையில சேரும்போது உனக்குக் காது கேட்டுச்சா, இல்லியாப்பா?"

"நல்லாக் கேட்டுச்சுண்ணே."

"அதை யார் எழுதினது?"

"அவங்க டாக்டர்தான்."

"அப்ப காது எங்க போச்சுன்னு அவங்கதான் சொல்லணும். நீ சொல்ல வேண்டியதில்ல."

தோழர்களே, தேநீர்க் கடையில் பிறந்த இந்த வாதம்தான் உச்சநீதிமன்றத்தின் தீர்ப்பும்! தரம்வீர் சிங் என்ற சிப்பாய் 1985 இல் படையில் சேர்ந்தார். 1994 இல் வலிப்பு நோய் என்று சொல்லி வெளியே அனுப்பினார்கள். ஊனம் 20 விழுக்காடு. ஓய்வூதியம் இல்லை என்றார்கள். உயர்நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி கொடுத்ததை, இரு நீதிபதிகள் ஆயம் எடுத்துக்கொண்டது. மனிதர் சளைக்கவில்லை. 2013 ஜூலையில் உச்சநீதிமன்றம் சொன்னது: சேரும்போது நோய்க்குறிப்பு எதுவும் எழுதப்படாவிட்டால், நல்ல உடலோடு சேர்ந்தான் என்றே கொள்ளவேண்டும், பின்னால் வந்த நோய் பணியால் வந்தது என்றே கருதவேண்டும், அல்ல என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசுடையது, ஐயம் இருந்தால் அதன் பயன் வீரனுக்கே!

நியாயம் அதுவல்லவா? சேர்க்கும்போது மார்பை அளக்கிறார்கள். கண்ணைப் பார்க்கிறார்கள். காதைச் சோதிக்கிறார்கள். பாதம் தட்டையா என்று கூடப் பார்க்கிறார்கள். தேறியவனை மட்டும் எடுக்கிறார்கள். எடுக்கும்போது இரும்பு, அனுப்பும்போது துரும்பு! நடுவிலே நடந்தது யார் வீட்டிலே? அவன் வீட்டிலா?

2014 ஜூனில் சுக்விந்தர் சிங் வழக்கிலும் இதே நீதி பேசப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் ராம் அவதார் வழக்கு. அதுதான் நம் பீரங்கிக்காரரைப் போன்றவர்களுக்குப் பெரிய கதவு. 50 விழுக்காட்டுக்குக் குறைந்த ஊனத்தை 50 ஆக எடுத்துக்கொள்வது, 50 முதல் 75 வரையிலானதை 75 ஆக்குவது, அதற்கு மேற்பட்டதை 100 ஆக்குவது என்ற சலுகை 1996 முதல் உண்டு. ஆனால் அது இடையிலே ஊனத்தால் அனுப்பப்பட்டவனுக்கு மட்டும், காலம் முடித்து வந்தவனுக்கு இல்லை என்றது அரசு. ஊனத்தோடு ஒழுங்காகக் கடைசி நாள் வரை உழைத்தவனுக்குத் தண்டனை! அந்த வேற்றுமை செல்லாது என்றது உச்சநீதிமன்றம்.

இது வெறும் எண் விளையாட்டு என்று எண்ணிவிடாதீர்கள், அடுப்பங்கரைக் கணக்கு! 100 விழுக்காடு ஊனத்துக்குக் கடைசி ஊதியத்தில் 30 விழுக்காடு. குறைந்த ஊனத்துக்கு அந்த வீதப்படி. கடைசி ஊதியம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 20 விழுக்காட்டுக்கு மாதம் 2,400 ரூபாய். அதையே 50 ஆக்கினால் 6,000 ரூபாய். ஆண்டுக்கு 72,000! மகளின் கல்லூரிக் கட்டணம் அதிலே இருக்கிறது. மருந்துச் செலவு அதிலே இருக்கிறது. கடன்காரன் வாசலுக்கு வராத நிம்மதி அதிலே இருக்கிறது.

பொய்க் கணக்கு எழுதுபவன் இல்லையா என்பார் சிலர். இருக்கலாம். கள்ளனுக்குப் பயந்து களத்து நெல்லை முழுவதும் பூட்டி வைத்து, உழுதவனைப் பட்டினி போடுவது எந்த ஊர் நீதி? பொய்யனைப் பிடி, மெய்யனுக்குக் கொடு! அது மட்டுமல்ல. வழக்குகளைக் குறைக்க வழி சொல்லுமாறு பாதுகாப்பு அமைச்சகம் 2015 இல் ஒரு வல்லுநர் குழு அமைத்தது. தீர்ந்துபோன சட்டத்தின்மேல் ஊன ஓய்வூதியக்காரர்களுக்கு எதிராக மேல்முறையீடு செய்துகொண்டிருப்பதை அந்தக் குழுவே குறை கூறிற்று. சிப்பாயை எதிர்த்துச் சர்க்கார் வழக்காடும் செலவும் மக்கள் வரிப்பணம்தானே!

இது நம் நாட்டில் மட்டும் கண்ட கொடுமையன்று. முதல் உலகப் போரில் போரிட்ட அமெரிக்கச் சிப்பாய்கள், தமக்கு உறுதி சொல்லப்பட்ட போனசை உடனே கொடு என்று கேட்டு 1932 இல் வாசிங்டன் நகரில் கூடாரம் அடித்தார்கள். வேலையில்லாத நாள்; வயிறு காய்ந்த நாள். அதிபர் ஊவரின் அரசு என்ன செய்தது? மக்கார்தர் தலைமையில் படையை அனுப்பிற்று. கண்ணீர்ப் புகை, டாங்கிகள்! பழைய சிப்பாயைப் புதிய சிப்பாய் விரட்டினான். ஆனாலும் அந்தப் பணம் 1936 இல் வந்து சேர்ந்தது. கூடிக் கேட்டார்கள், ஓயாமல் கேட்டார்கள், பெற்றார்கள்.

சரி, அவலூர்பேட்டைக்குத் திரும்புவோம். ஹவில்தார் என்ன செய்கிறார்? மந்திரம் எதுவும் இல்லை, முறை இருக்கிறது.

முதலில் பணி விடுப்புப் புத்தகத்தையும் ஓய்வூதிய ஆணையையும் பார்க்கிறார். அடுத்து, மருத்துவக் குழுவின் அறிக்கை. பல பேரிடம் அதன் படி இருப்பதில்லை. எந்தப் பிரிவில் பணி செய்தாரோ அந்தப் பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கிறார். கிடைக்காவிட்டால் 2005 ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. விபத்தில் அடிபட்டவர் என்றால் காய அறிக்கையையும் விசாரணைக் குறிப்பையும் தேடுகிறார். மறுப்புக் கடிதம் வந்த நாளைக் குறித்துக்கொள்கிறார். முதல் மேல்முறையீட்டுக்கு ஆறு மாதம். அதுவும் போனால் இரண்டாவது மேல்முறையீடு. அதுவும் போனால் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். சென்னையிலேயே அதன் அமர்வு இருக்கிறது. காலம் கடந்திருந்தால், ஏன் கடந்தது என்று உண்மையை எழுதி, தாமதத்தைப் பொறுக்குமாறு கேட்கவேண்டும். 2023 செப்டம்பர் 21க்குப் பிறகு பணி நீங்கியவருக்குப் புதிய விதிகள் உண்டு. அவர் அந்த விதிகளைப் பார்த்தே எழுதவேண்டும்.

அவர் ஒரு வரி கூடப் பொய் எழுதவிடுவதில்லை. மழுப்பி எழுதவும் விடுவதில்லை. "எந்த ஊர்ல இருந்தே, எந்த வருசம், இன்னா வேலை, எந்த ஆசுபத்திரி, அதை மட்டும் எழுதுப்பா. அழுவாத. அழுதா அது மனு ஆவாது" என்பார்.

அவசரம் ஏன் என்று கேட்போருக்கு ஒரு செய்தி. டர்செம் சிங் என்ற வீரர் 1983 இல் ஊனத்தால் வெளியேறினார். 1999 இல்தான் நீதிமன்றம் போனார். 2008 இல் உச்சநீதிமன்றம் அவருடைய உரிமையை மறுக்கவில்லை. ஆனால் பழைய பாக்கியை, வழக்குப் போட்ட நாளுக்கு முந்திய மூன்றாண்டோடு நிறுத்திவிட்டது. எத்தனை ஆண்டுப் பணம் காற்றிலே போயிற்று, கணக்கிட்டுப் பாருங்கள்! கேளாமல் இருந்த ஒவ்வொரு ஆண்டும் ஒரு ஆண்டுச் சோறு.

கேளாமல் ஏன் இருக்கிறான்? வெட்கம்! எதிரிக்கு அஞ்சாதவன் எழுத்தருக்கு அஞ்சுகிறான். பனிமலையில் நின்றவன் பலகணிக்கு முன்னால் நிற்கக் கூசுகிறான். ஆங்கிலக் காகிதத்தைக் கண்டு மலைக்கிறான். அந்த இடைவெளியிலேதான் தரகன் நுழைகிறான். வரும் பணத்தில் பாதி எனக்கு என்கிறான்.

தோழர்களே! அந்த இடைவெளியில் நாம் நிற்கவேண்டாமா? நம் படிப்பகங்களில் நாளேடு படிக்கிறோம், நாட்டு நடப்புப் பேசுகிறோம். வாரத்தில் ஒரு மாலையை முன்னாள் படைவீரர்க்கு ஒதுக்கினால் என்ன? ஆங்கிலம் தெரிந்த இளைஞர் ஒருவர், முறை தெரிந்த பழைய சிப்பாய் ஒருவர், ஒரு மேசை. போதும்! விழுப்புரத்தில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது, கூட்டிக்கொண்டு போங்கள். படைவீரர் குடும்பங்களுக்கு இலவசச் சட்ட உதவி தரும் திட்டத்தைத் தேசியச் சட்டப்பணி ஆணையம் 2025 ஜூலையில் தொடங்கியிருக்கிறது; அதைக் கேட்டு வாங்குங்கள். மனு எழுதியவனிடம் கட்சி கேட்காதீர்கள், சாதி கேட்காதீர்கள். மறுப்புக் கடிதத்தின் தேதியைக் கேளுங்கள்!

பீரங்கிக்காரரின் மேல்முறையீடு தபாலில் போயிருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. ஹவில்தார் அடுத்த கட்டைப் பிரித்துக்கொண்டிருக்கிறார். முழங்கால் போன ஒருவருடையது. உங்கள் ஊரில் அப்படி ஒரு கட்டு, ஓலைப்பெட்டியிலோ இரும்புப் பெட்டியிலோ கிடக்கிறது. இந்த ஏட்டை மடித்து வைத்துவிட்டு, அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.