ஸ்டீயரிங்கை விட்டாலும் சாலையை விடக் கூடாது



சில ஆண்டுகளாகப் புதிய கார் வாங்கப் போகும் நம் வணிக நண்பர்கள் ஷோரூமில் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்கிறார்கள். 'வண்டியில் அடாஸ் இருக்கிறதா?' என்பதே அந்தக் கேள்வி. ஓட்டுநருக்கு உதவும் பல கருவிகளுக்குச் சேர்த்து ஆங்கிலத்தில் வைத்த பெயரின் சுருக்கம் இது. முன்னால் போகும் வண்டிக்குத் தக்கபடி வேகத்தைக் கூட்டிக் குறைப்பது, சாலைக் கோட்டுக்குள் வண்டியை வைத்திருப்பது, மோதும் நிலை வந்தால் தானாகவே பிரேக் போடுவது ஆகியவை இதில் அடங்கும். வெளிநாடுகளில் இதற்கு மேலும் ஒரு படி சென்று, நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங்கிலிருந்து கையையே எடுத்துவிடலாம் என்னும் அளவுக்கு வந்துவிட்டார்கள்.

மளிகைக் கடைக்காரருக்கு இதைப் பற்றி என்ன கவலை என்று சிலர் கேட்கலாம். நம் தொழிலே சாலையில்தான் ஓடுகிறது. நாம் அனுப்பம்பட்டில் மொத்த வியாபாரம் செய்து வருகிறோம். குண்டூர் மிளகாயும் நெல்லூர் அரிசியும் நமக்கு வரும் வழி, முன்பு 5 என்றும் இப்போது 16 என்றும் எண்ணிட்டு அழைக்கப்படும் தேசிய நெடுஞ்சாலைதான். ஓங்கோல், நெல்லூர், தடா, கும்மிடிப்பூண்டி என்று வந்து, தச்சூர் கூட்டுச்சாலையில் திரும்பிப் பொன்னேரி வழியாக லாரி நம் ஊருக்கு வந்து சேருகிறது. பழவேற்காட்டிலிருந்து இறாலும் நண்டும் மீனும் பொழுது விடியுமுன்னே வேன்களில் சென்னைக்குப் போகின்றன. இத்தனை வண்டிகளிலும் ஓட்டுநர் ஒரு நொடி கண்ணயர்ந்தால் முதலில் போவது உயிர். சரக்கெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அந்த ஆண்டில் மிக அதிகமான விபத்துகள் நடந்த மாநிலம் நம் தமிழ்நாடு, எண்ணிக்கை 64,105. ஆகவே வண்டி ஓட்டுவதற்கு உதவி என்று எது வந்தாலும் அதைப் பற்றி நாம் அறிந்துகொள்ளத்தான் வேண்டும்.

கருவி வேலை செய்யும் விதம்

முன்கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கேமரா இருக்கும். அது சாலையில் போட்டுள்ள வெள்ளைக் கோடுகளையும் எதிரே உள்ள வண்டிகளையும் பார்க்கிறது. வண்டியின் முகப்பில் உள்ள ரேடார், முன்னால் செல்லும் வண்டியின் தூரத்தையும் வேகத்தையும் அளக்கிறது. இரண்டையும் கணக்கிட்டு ஒரு கம்ப்யூட்டர் ஸ்டீயரிங்கையும் பிரேக்கையும் இயக்குகிறது.

இத்தகைய வசதிகளைப் பூஜ்யம் முதல் ஐந்து வரை ஆறு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். நம் நாட்டில் 2021-இல் வந்த மகிந்திரா எக்ஸ்.யூ.வி.700, 2022-இல் வந்த ஹோண்டா சிட்டி ஹைப்ரிட், 2023-இல் வந்த புதிய ஹூண்டாய் வெர்னா போன்ற கார்களில் உள்ளது இரண்டாம் நிலை. ஸ்டீயரிங்கில் கை இருக்க வேண்டும். சில நொடிகள் கையை எடுத்தால் எச்சரிக்கை ஒலிக்கும்.

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 2017-இல் 'சூப்பர் குரூஸ்' என்ற பெயரில் கை எடுத்து ஓட்டும் வசதியைக் கொண்டு வந்தது. 2021-இல் ஃபோர்டு நிறுவனம் 'புளூ குரூஸ்' கொண்டு வந்தது. 2023 ஏப்ரலில் பிரிட்டன் தன் மோட்டார் சாலைகளில் இதற்கு அனுமதி தந்தது. இவை எல்லாச் சாலைகளிலும் இயங்குவதில்லை. முன்கூட்டியே அளந்து வரைபடத்தில் ஏற்றிய நெடுஞ்சாலைகளில் மட்டுமே கையை எடுக்கலாம். அப்போதும் ஓட்டுநரின் முகத்துக்கு நேரே ஒரு கேமரா அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே இருக்கும். இதுவும் இரண்டாம் நிலைதான் என்பதை வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். கைக்கு மட்டும்தான் விடுமுறை. கண்ணுக்கும் பொறுப்புக்கும் விடுமுறை இல்லை.

மூன்றாம் நிலை என்பது கண்ணையும் சாலையிலிருந்து எடுக்கக்கூடியது. 2021-இல் ஜப்பானில் ஹோண்டா நிறுவனம் நூறு கார்களில் மட்டும் இதை வைத்தது. 2022-இல் ஜெர்மனியில் மெர்சிடிஸ் நிறுவனம், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் வரை நெரிசலில் ஊர்ந்து போவதற்காக இதை விற்பனைக்குக் கொண்டு வந்தது.

ஓட்டியவர்கள் சொல்வது

கனடாவில் டொரண்டோ நகரில் இருக்கும் நம் உறவுக்காரப் பிள்ளை ஒருவர் இந்தக் கை எடுக்கும் வசதியுள்ள காரில் மாண்ட்ரியல் வரை ஐந்தாறு மணி நேரம் போய் வருகிறவர். அவரிடம் விசாரித்தோம். "சித்தப்பா, முன்னெல்லாம் போய் இறங்கினால் தோளும் கழுத்தும் பிடித்துக்கொள்ளும். இப்போது அது இல்லை" என்றார். ஸ்டீயரிங்கில் பச்சை விளக்கு எரியும் வரை கார் தானே போகிறது. கண்ணைச் சற்று அதிக நேரம் வேறு பக்கம் திருப்பினால் அந்த விளக்கு சிமிட்டுகிறது. அப்படியும் பார்க்காவிட்டால் சிவப்பாகிச் சீட்டு அதிர்கிறது. அதற்கும் அசையாவிட்டால் கார் வேகம் குறைந்து நின்றுவிடுமாம்.

அவரே இன்னொன்றும் சொன்னார். "கண் சாலையில்தான் இருக்கிறது சித்தப்பா, ஆனால் கை சும்மா இருப்பதால் மனம் வீட்டுக்கும் ஆபீசுக்கும் போய்விடுகிறது. திடீரென்று ஓட்டு என்று கார் சொன்னால் சாலை நினைவுக்கு வரவே ஒரு கணம் ஆகிறது" என்றார். கேமரா கண்ணைப் பார்க்கும், கருத்தைப் பார்க்காது.

பொன்னேரியில் உள்ள நம் சங்க நண்பர் ஒருவர் இரண்டாம் நிலைக் காரில் நெல்லூருக்குப் போய் வருகிறார். தடாவுக்கு மேல் சாலை விரிந்து கிடக்கும் இடத்தில் நிம்மதியாக இருக்கிறது என்கிறார். தச்சூரில் திரும்பியதும் எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறார். கோடு அழிந்த இடத்தில் கார் திகைக்கிறது. பக்கவாட்டில் மோட்டார் சைக்கிள் குறுக்கே நுழைந்தால் 'டக்'கென்று பிரேக் போடுகிறது; பின்னால் லாரி ஒட்டி வந்தால் நெஞ்சு பதறுகிறது என்கிறார். காரணமில்லாமல் பிரேக் பிடிக்கும் இந்தத் தொல்லை நம் ஊர்ச் சாலையால் மட்டும் வருவதில்லை. டெஸ்லா கார்களைப் பற்றி 354 பேர் இதே புகாரைச் சொன்னதால் 2022 பிப்ரவரியில் அமெரிக்க அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை விசாரணை தொடங்கியது.

மிளகாய் லோடு ஏற்றி வரும் லாரி ஓட்டுநர் ஒருவரிடமும் இதைப் பற்றிப் பேசினோம். குண்டூரிலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீட்டர் ஓட்டி வருபவர். "மிஷின் வரட்டும் முதலாளி, வேண்டாம்னு சொல்லலை. அதுக்கு முன்னாடி நாலு மணி நேரம் கண்ணை மூடிப் படுக்க ஒரு இடம் காட்டுங்க" என்றார்.

நிற்கும் வண்டியைக் காணாத குறை

2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோ நகரில், கை எடுக்கும் வசதியை இயக்கி ஓட்டிச் சென்ற ஃபோர்டு கார் ஒன்று, இரவில் நெடுஞ்சாலையின் நடுத்தடத்தில் நின்றிருந்த காரில் மோதியது. நின்ற காரில் இருந்தவர் இறந்தார். அடுத்த மாதமே பிலடெல்பியாவில் அதே வகைக் கார், இரவில் சாலையில் நின்றிருந்த வண்டிகளில் மோதி இருவர் இறந்தனர். இரண்டையும் அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரணைக்கு எடுத்தது. பிலடெல்பியா காரை ஓட்டியவர் மீது, குடித்துவிட்டு ஓட்டி உயிரிழப்பு ஏற்படுத்தியதாக வழக்கும் தொடரப்பட்டது. கார்தான் ஓடியது என்று சட்டம் அவரை விட்டுவிடவில்லை.

நின்ற வண்டி ஏன் தெரியாமல் போகிறது? பாலம், பெயர்ப்பலகை, தடுப்புக்கம்பி என்று அசையாமல் நிற்கும் பொருள்கள் சாலை நெடுகிலும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் பிரேக் போட்டால் வண்டி ஓட முடியாது. ஆகவே வேகமாகப் போகும்போது, அசையாத பொருளைப் பற்றி ரேடார் தரும் தகவலைப் பல கருவிகள் பொருட்படுத்தாமல் விட்டுவிடும்படி அமைத்திருக்கிறார்கள். காருடன் தரும் கையேட்டிலேயே இந்த எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கும். படிப்பவர்தான் குறைவு.

நம் நெடுஞ்சாலையை எண்ணிப் பாருங்கள். பஞ்சரான லாரி, பின்விளக்கு எரியாத டிராக்டர், இரண்டு கல்லும் ஒரு மரக்கிளையும் அடையாளமாக வைத்த டிப்பர். இரவில் நம் சாலையில் இருக்கும் முதல் ஆபத்தே இந்தக் கருவிகளின் பெரிய பலவீனமாகவும் இருக்கிறது.

எது உயிரைக் காக்கிறது?

கருவி எல்லாமே வீண் என்று நாம் சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் இன்சூரன்ஸ் நிறுவனங்களின் ஆதரவில் நடக்கும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வுக் கழகம், தானியங்கி பிரேக் உள்ள கார்கள் முன்வண்டியின் பின்புறம் மோதுவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததாகக் கண்டது. அதே கழகம் 2024 மார்ச்சில், தானே ஓட்டும் உதவி வசதிகள் 14-ஐ எடுத்து, ஓட்டுநர் கவனம் தவறாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு எப்படி என்று சோதித்தது. ஒன்றே ஒன்றுதான் 'ஏற்கத்தக்கது' என்று தேறியது. இரண்டு சுமார், பதினொன்று மோசம்.

அதாவது, நாம் தவறும் நேரத்தில் குறுக்கே வந்து காப்பாற்றும் கருவி லாபம். நம் வேலையைத் தான் எடுத்துக்கொண்டு நம்மைச் சோம்பலாக்கும் கருவியில் முதலுக்கே மோசம் வரலாம்.

ஐரோப்பாவில் 2015 நவம்பர் முதல் புதிய கனரக லாரிகளில் தானியங்கி பிரேக் கட்டாயம். நம் நாட்டிலும் லாரி, பஸ்களில் தானியங்கி பிரேக், தூக்க எச்சரிக்கை, தடம் விலகல் எச்சரிக்கை ஆகியவற்றைக் கட்டாயமாக்க 2025-இல் அமைச்சகம் வரைவு அறிவிக்கை வெளியிட்டது. புதிதாகத் தயாராகும் லாரிகளில் ஓட்டுநர் கேபினுக்கு ஏ.சி. வேண்டும் என்று விதி வந்ததும் ஓட்டுநரின் அயர்வைக் குறைக்கத்தான். ஓட்டுநரே இல்லாத வண்டியை இங்கே அனுமதிக்க முடியாது, பலருடைய பிழைப்பு போய்விடும் என்று அமைச்சர் நிதின் கட்கரி 2017-லும் 2023-லும் கூறியிருக்கிறார். ஆகவே நம் சரக்கை ஓட்டி வரப்போவது மனிதர்தான்.

நாம் செய்ய வேண்டியவை

ஒன்று: காரில் இந்த வசதி இருந்தால் கையேட்டை முழுதும் படியுங்கள். எங்கே வேலை செய்யாது என்பதைச் சேல்ஸ்மேன் சொல்ல மாட்டார், கையேடு சொல்லும். ஸ்டீயரிங்கை ஏமாற்றத் தண்ணீர் பாட்டில் கட்டுவதும், கால் நீட்டி உட்கார்ந்து காணொலி எடுப்பதும் நம் வீட்டுப் பிள்ளைகளிடம் இருந்தால் கண்டியுங்கள். நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் முன் ஓட்டுநர் இருக்கையில் இருப்பவரே பொறுப்பாளி.

இரண்டு: முன்கண்ணாடி மாற்றினால் கேமராவை மறுபடியும் அளவு சரிபார்க்க வேண்டும். எலெக்ட்ரானிக் தராசுக்கு நாம் முத்திரை போடாமல் எடை போடுவதில்லை. ஒரு கிராம் பிசகினால் அபராதம். இங்கே ஓரங்குலம் பிசகினால் உயிர். தெருவோரத்தில் கண்ணாடி மட்டும் மாட்டிக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

மூன்று: இரவில் உங்கள் வண்டி பழுதாகி நின்றால் ஓரம் கட்டி, விளக்கு எரியவிட்டு, பிரதிபலிக்கும் முக்கோணத்தைப் போதிய தூரம் பின்னால் வையுங்கள். பின்புற ஒளிரும் பட்டைகள் புழுதி படிந்து மங்காமல் துடைத்து வைக்கச் சொல்லுங்கள். செலவு என்று பார்த்தால் ஒன்றுமில்லை.

நான்கு: இதுவே எல்லாவற்றிலும் முக்கியம். 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஐந்து பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்துள்ள நிறுவனங்களில் நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என்று வேலை நேரத்தை வரையறுத்திருந்தது. ஐந்து மணி நேர வேலைக்குள் அரை மணி ஓய்வும் தரச் சொன்னது. 'விடிவதற்குள் லோடு இறங்க வேண்டும்' என்று போனில் ஓட்டுநரை விரட்டாமல், ஏற்றும் இடத்தில் தாமதமானால் இறக்கும் நேரத்தையும் தள்ளி வைப்போம். கடையை ஒட்டி ஒரு கட்டில், குளிக்கத் தண்ணீர், ஒரு மின்விசிறி இருந்தால் போதும். ஓட்டுநர் படுத்து எழுந்து போவார்.

தூக்கம் வந்தால் எச்சரிக்கும் கருவி நாளை எல்லா லாரிக்கும் வரலாம். எச்சரிக்கை மணி அடித்த பிறகு அவர் எங்கே வண்டியை நிறுத்திப் படுப்பது? அந்த இடத்தைக் கம்ப்யூட்டரால் தர முடியாது; நம்மால் தர முடியும். ஒவ்வொரு ஊர் வணிகர் சங்கமும் நெடுஞ்சாலையை ஒட்டி லாரி நிறுத்தவும் ஓட்டுநர் படுக்கவும் ஓர் இடம் ஏற்படுத்தும் முயற்சியைத் தங்கள் அடுத்த கூட்டத்தில் எடுத்துப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.