சிற்றில் இழைக்க மண் எங்கே?

பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களையும் நம் மாணவர் பிழையின்றி ஒப்புவிப்பர். அவற்றுட் சில எத்தகைய இடத்தில் நிகழத்தக்கவை என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. அம்புலியைக் காட்டத் திறந்த வானம் வேண்டும். சிற்றில் இழைக்க மணல் வேண்டும். சிறுதேர் உருட்டத் தரை வேண்டும். ஊசல் கட்டக் கிளை வேண்டும். புலவர்கள் வீட்டு முற்றத்தை மனத்திற் கொண்டே பாடினர். கொழும்பிலே தமிழர் செறிந்து வாழும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அம் முற்றம் இன்று அரிதாகிவிட்டது.

பெயர்கள் மட்டும் எஞ்சியுள்ளன. சிங்களத்தில் 'வெல்ல' என்பது மணல். 'வத்த' என்பது தோட்டம். ஆக வெள்ளவத்தை ஒரு மணற்றோட்டம். கொட்டாஞ்சேனையிலுள்ள 'சேனை', காடு வெட்டிப் பயிரிட்ட நிலத்தைக் குறிப்பது. அங்கே சுவரோடு சுவர் ஒட்டிய குடியிருப்புகளுக்கும் 'வத்த' என்றே பெயர். தோட்டம் என்ற பெயருடைய அவ்விடங்களில் ஒரு செவ்வரத்தைச் செடியைக் காண்பதும் அருமை.

1921ஆம் ஆண்டில் கொழும்பு நகரைத் திட்டமிட அழைக்கப்பட்ட பற்றிக் கெடிஸ் என்னும் ஸ்கொத்லாந்து அறிஞர், இதனைக் கீழைத்தேயத்தின் பூங்கா நகராக்கக் கனவு கண்டார். அவர் இங்கு வருமுன் எடின்பரோவிற் செய்த ஒரு காரியம் நமக்கு இன்னும் பயனுடையது. அந்நகரின் நெருக்கமான பழம் பகுதியில் அவருடைய குழுவினர் எழுபதுக்கும் மேற்பட்ட சிறு வெற்றிடங்களைத் தேடிக் கண்டனர். எல்லாம் சேர்ந்து பத்து ஏக்கர் அளவே. அவற்றுட் சிலவற்றை அவர் மகள் நோரா சிறு தோட்டங்களாக்கினார். ஏழைப் பிள்ளைகள் அங்கே விளையாடினர். பெருநிலம் கிடைக்கட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

இங்கோ நிகழ்ந்தது மறுதலை. 1983 ஆடிக் கலவரத்தின் பின்னும் போர்க்காலத்திலும் வடக்கு கிழக்கிலிருந்து வந்த குடும்பங்கள் பல வெள்ளவத்தையிலே தங்கின. தொண்ணூறுகள் தொட்டு, காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில், மாவும் தென்னையும் நின்ற பழைய வளவுகள் தொடர்மாடிகளாயின. தலைக்கு மேற் கூரை வேண்டியவர்களைக் குறை கூறல் தகாது. ஆயினும் எஞ்சிய தரையையும் சீமெந்தால் மூடி வாகனங்களுக்கு ஒதுக்கியதை எவ்வாறு நியாயப்படுத்துவது? கடல் அருகிருக்கிறதே என்பர் சிலர். இடையே வாகன வீதியும் புகையிரதப் பாதையும் கிடக்கின்றன. நான்கு வயதுக் குழந்தை தானே போய்வரும் இடமன்று அது.

மரம் இருந்தால் மட்டும் பிள்ளை விளையாடுமோ என்று ஐயுறுவோருக்கு ஒரு சான்று உண்டு. சிக்காகோ நகரின் பொதுக் குடியிருப்பொன்றில் வீடுகளைச் சூழ்ந்த 64 திறந்த இடங்களை இலினோய் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒப்புநோக்கினர். சில இடங்களில் மரமும் புல்லும் இருந்தன; சில வெறுந் தரை. 1998இல் வெளியான அவ்வாய்வின்படி, பசுமையுள்ள இடங்களிலே பிள்ளைகளின் விளையாட்டு ஏறக்குறைய இருமடங்காயிருந்தது; கற்பனையாற் புனைந்தாடும் ஆட்டமும் அங்கே மிகுதியாயிருந்தது. இதனினும் நம் கவனத்திற்குரியது வேறொன்று: பெரியோரின் அண்மையும் அங்கே இருமடங்கு. நிழல் இருக்கும் இடத்திலே அம்மம்மா வந்து அமர்கிறாள். அவள் கண்ணெதிரே என்பதால் தாய் பிள்ளையை வெளியே விடுகிறாள். கொழும்பின் வெயிலில் சீமெந்துத் தரையில் எந்த அம்மம்மா அமர்வாள்?

அதனோடு, மரம் விளையாட்டுப் பொருளையும் உதிர்க்கிறது. பூவரசிலை பீப்பீ ஆகும்; தென்னோலை பாம்பும் காற்றாடியும் ஆகும்; ஜம்புப் பூவின் செந்தாது சிரட்டைச் சோற்றுக்குக் கறியாகும். கடையில் வாங்கிய பொம்மை ஒன்றாகவே இருக்கும். இலையோ காலையிற் காசு, மாலையிற் கப்பல்.

டெங்குவின் அச்சத்தை எளிதாகத் தள்ள முடியாது. 2017இல் இலங்கையில் ஒரு இலட்சத்து எண்பதாயிரத்திற்கும் மேற்பட்டோர் அந்நோய்க்கு ஆளாயினர். அதன்பின் செடியைக் கண்டாலே வெட்டும் மனநிலை பலரிடம் வந்தது. நுளம்பு முட்டையிடுவது தேங்கிய நீரிலே. அடைபட்ட பீலியும் எறிந்த ரயரும் மொட்டைமாடியின் வாளியும் அதற்குப் போதும். விளையாடிய சிரட்டையைக் கவிழ்த்து வைக்கப் பிள்ளைக்குப் பழக்கலாம். மண் நீரைக் குடித்துவிடும்; சீமெந்தின் குழி குடிப்பதில்லை.

மொட்டைமாடியிற் சாடி வைத்து மனம் ஆறுவோர் உளர். அது கறிவேப்பிலைக்கு நன்று, சிறுபிள்ளைக்கு ஆபத்து. தொடர்மாடிகளின் நிருவாகக் குழுவினர் ஒரு வாகனத் தரிப்பிடத்தின் அளவுள்ள சீமெந்தைப் பெயர்த்து, மதிலோரம் ஒரு மரமும் அதனடியில் ஒரு வாங்கும் சிறிது மணலும் வைக்க இசைவரேல் அதுவே போதும். 'புல்லை மிதியாதீர்' என்ற பலகை மட்டும் வேண்டாம். கொய்யா சில ஆண்டுகளிலே நிழல் தரும், கிளையும் தாழ்வு, பிள்ளையின் கைக்கு எட்டும். முருங்கை அதனினும் விரைவில் வளரும், ஆனால் கிளை சடுதியில் முறியும். ஊஞ்சல் கட்ட ஆகாது.