ஏட்டையாவுக்கு எட்டாத படி

ஆடிக் கிருத்திகை வந்துவிட்டால் திருத்தணி மலையடிவாரம் காவடிகளால் நிறைந்துவிடும். சரவணப் பொய்கைப் பக்கம் கயிறு பிடித்துக் கூட்டத்தைப் பிரித்து அனுப்பும் காக்கிச்சட்டைகளில் ஒருவரைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நரைத்த மீசை, வெயிலில் கறுத்த முகம், தோளில் நட்சத்திரம். அவர் எஸ்.எஸ்.ஐ., அதாவது சிறப்பு உதவி ஆய்வாளர். மைக்கில் அவருக்கு உத்தரவு போடும் எஸ்.ஐ.க்கு அவருடைய மகன் வயதுதான் இருக்கும். வயதில் சின்னவர் அதிகாரியாக வருவதில் தவறு எதுவும் இல்லை. கால் நூற்றாண்டு பணி செய்து வாங்கிய நட்சத்திரத்துக்கு மேல் போக அந்தப் பெரியவருக்கு ஏன் வழியில்லை என்பதுதான் கேள்வி.

கணக்கைப் பார்ப்போம். இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்தவர் 10 ஆண்டில் முதல்நிலைக் காவலர். அடுத்த 5 ஆண்டில் தலைமைக் காவலர், ஊர் வழக்கில் ஏட்டையா. அதற்கும் மேல் 10 ஆண்டு கழித்து எஸ்.எஸ்.ஐ. மொத்தம் 25 ஆண்டு. நெடுங்காலம் நடப்பில் இருந்த ஏற்பாடு இதுதான். அண்மையில் அரசு காத்திருப்பைச் சற்றுக் குறைத்திருக்கிறது. காலியிடம் வருகிறதா என்று வாய் பார்த்து நிற்க வேண்டாம், ஆண்டு முடிந்தால் உயர்வு உண்டு. தமிழகக் காவலருக்குக் கிடைத்த நல்ல ஏற்பாடு இது, சந்தேகமில்லை. ஆந்திர எல்லையில் இருக்கும் பொன்பாடி சோதனைச்சாவடியைத் தாண்டி அந்தப் பக்கம் போனால் எஸ்.எஸ்.ஐ. என்ற பதவியே கிடையாது. கான்ஸ்டபிள், ஹெட் கான்ஸ்டபிள், ஏ.எஸ்.ஐ., எஸ்.ஐ. என்று ஆந்திரத்துப் படிவரிசை வேறு.

ஆனால் நம் ஏற்பாட்டில் ஒரு குறை உள்ளே உட்கார்ந்திருக்கிறது. உயர்வு ஆளுக்குத்தானே தவிர ஸ்டேஷனுக்கு இல்லை. வேலை அப்படியே இருக்கிறது. அதைச் செய்பவரின் பட்டை மட்டும் மாறுகிறது. அதனால்தான் பாரா நிற்கவும், கோர்ட்டுக்குத் தபால் கொண்டுபோகவும், பந்தோபஸ்தில் கயிறு பிடிக்கவும் ஏட்டும் எஸ்.எஸ்.ஐ.யும் போகவேண்டியிருக்கிறது. இருபது வயதில் சேர்ந்தவர் பழைய கணக்குப்படி 45 வயதில் எஸ்.எஸ்.ஐ. ஆகிறார் என்று வையுங்கள். ஓய்வு வயது 2020இல் 58லிருந்து 59 ஆனது, 2021இல் 60 ஆனது. மிச்சமிருக்கிற 15 ஆண்டும் அவர் அதே இடத்தில்தான். பெரும்பாலோர் எஸ்.எஸ்.ஐ.யாகவே வீட்டுக்குப் போகிறார்கள். அந்த வயது உயர்வு இன்னொன்றையும் செய்தது: ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு மேல்பதவிகளில் இருந்தவர்கள் யாரும் வயது முடிந்து வெளியேறவில்லை. கீழே காத்திருந்த எஸ்.ஐ.க்களுக்கும் இன்ஸ்பெக்டர்களுக்கும் அந்த இரண்டு ஆண்டும் போனது போனதுதான்.

ஒரு கதவு திறந்திருக்கிறது. நேரடி எஸ்.ஐ. தேர்வில் 20 சதவீத இடம் துறையில் இருப்பவர்களுக்கு. ஐந்து ஆண்டு பணி முடித்த காவலர் எழுதலாம். காகிதத்தில் இது எல்லோருக்கும் சமம். நடப்பில் யாருக்குப் படிக்க நேரம் கிடைக்கிறது? அலுவலகப் பணியில் இருப்பவர் மாலையில் புத்தகத்தைத் திறக்கலாம். இரவு ரோந்து முடித்து, விடிந்ததும் கோயில் பந்தோபஸ்து, மறுநாள் எல்லையில் வண்டிச் சோதனை என்று ஓடும் ஸ்டேஷன் காவலர் சட்டப் பிரிவுகளை எப்போது படிப்பார்? தேர்வுக்கு முன் ஒரு மாதமாவது படிப்பு விடுப்பு தராமல் இதைச் சமவாய்ப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வரிசையை உடைத்துத் தரும் உயர்வும் உண்டு. 2004 அக்டோபர் 18 இரவு பாப்பாரப்பட்டி அருகே சந்தனக் கடத்தல் வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டபின், அவரைத் தேடிய அதிரடிப்படையில் இருந்த அனைவருக்கும் ஒரு படி பதவி உயர்வும், ஆளுக்கு 3 லட்சம் ரூபாயும், வீட்டுமனையும் அறிவித்தார் முதல்வர் ஜெயலலிதா. குடும்பத்தை விட்டுக் காட்டில் கிடந்தவர்களுக்குப் பரிசு தரவேண்டியது நியாயம். பணமும் மனையும் கொடுத்தால் யாருக்கும் நட்டமில்லை. பதவி அப்படியல்ல. ஒருவரை ஒரு படி தூக்கி முன்னே நிறுத்தினால், அதே ஆண்டு சேர்ந்து ஏதோ ஒரு ஸ்டேஷனில் ஒழுங்காக வேலை பார்த்தவர் தானாகப் பின்னால் போய்விடுகிறார். வீரத்துக்குப் பதக்கமும் பணமும் நிலமும் தாராளமாகக் கொடுங்கள். சீனியாரிட்டியில் கை வைக்காதீர்கள் என்பதே என் கருத்து.

இதைவிடக் கொடுமை, சத்தமில்லாமல் நடப்பது. பதவி உயர்வுக்கான பேனல் தயாராகும் நேரத்தில் ஒரு சார்ஜ் மெமோ வந்து நிற்கும். 1955ஆம் ஆண்டின் ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் 3(பி) என்றால் பெரிய தண்டனைக்கான விசாரணை. ‘த்ரீ பி’ என்ற பேச்சு வந்தாலே காவலர் குடியிருப்பில் சாப்பாடு இறங்காது. விசாரணை ஆண்டுக்கணக்கில் இழுக்கும். கடைசியில் குற்றம் நிரூபணமாகவில்லை என்று முடிந்தாலும், அதற்குள் ஜூனியர்கள் மேலே போயிருப்பார்கள். முறைப்படி சார்ஜ் மெமோ கொடுக்காமல், புகார் இருக்கிறது என்பதற்காக மட்டும் பதவி உயர்வை நிறுத்திவைக்கக் கூடாது என்று 1991இல் ஜானகிராமன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பதவி உயர்வுக்குப் பரிசீலிக்கப்படுவதே அடிப்படை உரிமை என்றது 1999இல் அஜித் சிங் வழக்கு. பதவி உயர்வையும் இடமாறுதலையும் முடிவு செய்ய அதிகாரிகள் வாரியம் வேண்டும் என்றது 2006இல் பிரகாஷ் சிங் வழக்கு. தீர்ப்புகளுக்குப் பஞ்சமில்லை, அவற்றைக் கேட்டு வாங்கத்தான் வழியில்லை. அரசு அனுமதியில்லாமல் காவலர்கள் சங்கம் சேர 1966ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருவதில்லை. அதனால் மற்ற அரசு ஊழியர்கள் பேசித் தீர்த்துக்கொள்ளும் சங்கதிக்குக்கூட இவர்கள் கைக்காசு போட்டு வக்கீல் பிடித்து உயர் நீதிமன்றப் படி ஏறவேண்டியிருக்கிறது.

சிறைக்காவலர் நிலை இன்னும் மோசம். இரண்டாம் நிலைக் காவலர், சிறைக்காவலர், தீயணைப்பாளர் மூவருக்கும் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்துவது ஒரே தேர்வு. திருத்தணியைச் சுற்றியுள்ள ஊர்களில் விடியற்காலையில் ஒன்றாக ஓடிப் பழகிய இரண்டு நண்பர்களில் ஒருவர் போலீசுக்கும் இன்னொருவர் வேலூர் மத்திய சிறைக்கும் போகலாம். அதோடு அவர்கள் பாதை பிரிந்துவிடுகிறது. மாநிலத்தில் மத்திய சிறைகள் மொத்தமே ஒன்பது. மேல்பதவிகள் கொஞ்சம், அவற்றுக்கும் உதவி ஜெயிலர், ஜெயிலர் என்று டி.என்.பி.எஸ்.சி. வழியாக நேரடியாக ஆட்கள் வருகிறார்கள். கைதிகளோடு கூடவே பூட்டுக்குள் இருந்து, அவர்கள் முகம் பார்த்தே மனம் அறிந்த சிறைக்காவலருக்கு மேலே வரும் வழி மிகக் குறுகல். சிறைப் பணிக்கென அகில இந்தியப் பணி ஒன்றை அமைக்கச் சொன்ன நீதிபதி முல்லா குழு அறிக்கை கொடுத்தது 1983இல். நாற்பது ஆண்டு தாண்டியும் அப்படி ஒரு பணி வரவில்லை.

எந்தத் துறை வேண்டும் என்று விருப்பம் எழுதும் வேளையில் இதையெல்லாம் அந்தப் பையன்களுக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை. விண்ணப்பத்தோடு சேர்த்து, கடந்த பத்தாண்டில் மூன்று துறைகளிலும் எத்தனை பேர் எத்தனை ஆண்டு காத்திருந்து எந்தப் பதவிக்குப் போனார்கள் என்ற பட்டியலையும் அரசு வெளியிடட்டும்.